வடிவமைப்பில் குறை இல்லை

கழக்கூட்டம்,
2 ஜூன் 2025

திரு. சத்தியநேசன் அவர்களுக்கு,

இதைக் காகிதத்தில் எழுத வேண்டி வந்ததற்கு நான் காரணம் இல்லை. விசாரணை முடியும்வரை என்று உங்கள் ஆபீஸ் மெயிலை மே 23-ஆம் தேதியே அடைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொந்த மெயிலிலோ ஃபோனிலோ பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆகவே கூரியர். தமிழில் எழுதுவது மட்டும் என் முடிவு. ரிசப்ஷனில் கவரைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நம் கம்பெனி விதியை நினைவூட்டுகிறேன். பெரிய தவறு நடந்தால் டிசைன் செய்தவரும் கோட் எழுதியவரும் சேர்ந்து ஒரே அறிக்கை தர வேண்டும். ஓர் அறிக்கை, இரண்டு கையெழுத்து. தனித்தனியாக எழுதிக்கொண்டு போனால் மேனேஜர் அனூப் தொடக்கூட மாட்டார். இன்டர்ஃபேஸை வடிவமைத்தவள் நான். லேபிள் பிரின்டருக்கான காம்பொனென்ட்டை எழுதியவர் நீங்கள். எனவே வேறு வழியில்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் தயாரித்த அறிக்கை இது:

"பந்தல் என்பது ஆஸ்பத்திரிக் கணினிகளிலும் கருவிகளிலும் வேண்டிய அமைப்புகளைப் போடும் எங்கள் ஃப்ரேம்வொர்க். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு காம்பொனென்ட் உண்டு. எந்தக் காம்பொனென்ட்டும் நான்கு கட்டளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: சரிபார், செய், திரும்பு, நிலை சொல். இந்த நான்கும் இல்லாததைப் பந்தல் ஏற்காது.

மே 22 காலை வித்துரா ஆஸ்பத்திரி லேபில் புதிய அமைப்பு போடப்பட்டது. ரத்த மாதிரிகளின் எண் வரிசை அதுவரை பூஜ்யத்தில் தொடங்கியது. இனி ஒன்றில் தொடங்க வேண்டும். பாதியில் ஒரு கணினியில் சேமிப்பு இடம் போதாமல் வேலை நின்றது. பந்தல் எல்லாக் காம்பொனென்ட்டுகளுக்கும் 'திரும்பு' என்று கட்டளையிட்டது. மற்றவை பழைய நிலைக்குப் போயின. லேபிள் பிரின்டர் காம்பொனென்ட் 'திரும்பிவிட்டேன்' என்று பதில் சொன்னது, திரும்பவில்லை. அதன் அந்தப் பகுதியில் வெற்றி என்று பதில் தரும் ஒரு வரியைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை. மற்றவை பூஜ்யத்திலிருந்து எண்ண, பிரின்டர் மட்டும் ஒன்றிலிருந்து எண்ணியது. காலை எட்டே முக்காலிலிருந்து பதினொன்றரை வரை ஒவ்வொருவரின் ரத்தக் குழாயிலும் அடுத்தவரின் எண் ஒட்டப்பட்டது. காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த சரோஜம் (58) என்பவருக்கு, வரிசையில் முன்னால் இருந்தவரின் சர்க்கரை அளவு வந்தது. இன்சுலின் போடப்பட்டது. மதியம் நினைவிழந்தார். இரண்டு நாள் தீவிர சிகிச்சைக்குப் பின் பிழைத்தார்.

காரணம்: காம்பொனென்ட்டை எழுதியவரின் கவனக்குறைவு. வடிவமைப்பில் குறை இல்லை."

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஜூலை ஒன்றாம் தேதி பந்தல் இன்னும் நாற்பத்தோரு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இந்த அறிக்கை முடியாமல் அது நகராது.

சுப்ரியா நாகேஸ்வரன்


பாறசாலை,
4 ஜூன் 2025

சுப்ரியாவுக்கு,

திரு. சத்தியநேசன் அவர்கள் நலம். ஒன்பது வருஷம் சேட்டனாக இருந்தவன் ஒரே கூரியரில் திருவாகிவிட்டேன். பதவி உயர்வு என்று வைத்துக்கொள்கிறேன். நான் உன்னை நீ என்றே எழுதப்போகிறேன். மரியாதை வேண்டுமானால் அனூப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்.

அறிக்கையைப் படித்தேன். மணிமணியான எழுத்து. கடைசி வரிக்கு முந்தின வரி வரைக்கும் நானும் தலையாட்டிக்கொண்டுதான் வந்தேன். 'வடிவமைப்பில் குறை இல்லை' என்ற இடத்தில் காப்பி புரையேறிவிட்டது. ராகேல் அடுப்பை விட்டு ஓடி வந்து என் தலையில் தட்டினாள். கட்டின மனைவி தட்டுவதற்கும் நீ குட்டுவதற்கும் வித்தியாசம் தெரிகிற வயசுதான் எனக்கு.

நவம்பர் மீட்டிங்கை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. எல்லாக் காம்பொனென்ட்டாலும் திரும்ப முடியாது என்று அன்றைக்கே சொன்னேன். நோயாளிக்கு அனுப்பிவிட்ட எஸ்எம்எஸ்ஸை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? அழித்த ஃபைலை எங்கே போய்த் தேடுவது? கறந்த பால் மடி ஏறாது. முடிந்தவன் திரும்பட்டும், முடியாதவன் 'முடியாது' என்று சொல்ல ஒரு வழி வை என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே என்ன சொன்னாய்?

“பற்றாத்தவர் எழுதண்டா, சேட்டா.”

முடியாதவர்கள் எழுத வேண்டாமாம். பதினான்கு பேர் சிரித்தார்கள். நான் விரலைப் பிடித்து வேலை சொல்லிக்கொடுத்த கிரிஷ், அவனும் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

உன் இன்டர்ஃபேஸில் ஒரு காம்பொனென்ட் இரண்டே பதில்தான் சொல்லலாம்: ஆயிற்று, அல்லது பிழை. பிழை என்று சொன்னால் மொத்த ரிலீசும் நிற்கும், எழுதியவன் தலை உருளும். அப்புறம் எவன் பிழை என்று சொல்வான்? வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறாய். வித்துரா ரிலீசுக்கு முதல் நாள் பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைக்க உனக்கு நேரம் இருந்தது. நான்தான் வண்டி ஓட்டினேன். அந்த அரை மணி நேரத்தில் என் கோடை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் பிள்ளையாரே சந்தோஷப்பட்டிருப்பார்.

என் திருத்தம் இது. காரணம்: 'முடியாது' என்ற பதிலுக்கு இடம் தராத இன்டர்ஃபேஸ். இப்படி மாற்றி அனுப்பு, கையெழுத்திடுகிறேன். என் ஆட்சேபம் மீட்டிங் மினிட்ஸில் இருக்கிறது. எடுத்துப் பார்.

சத்தியநேசன்


கழக்கூட்டம்,
6 ஜூன் 2025

திரு. சத்தியநேசன் அவர்களுக்கு,

மினிட்ஸை எடுத்துப் பார்த்தேன். உங்கள் ஆட்சேபம் அதில் இல்லை. சிரிப்பு வந்த கையோடு நீங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டீர்கள். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தந்தால் சேர்க்கிறேன் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். நீங்கள் தரவில்லை. கோபித்துக்கொண்டு போவதும் ஆட்சேபம் தெரிவிப்பதும் ஒன்றல்ல.

'திரும்பு' ஏன் கட்டாயம் என்று அன்று சொல்ல விட்டிருந்தால் கேட்டிருப்பீர்கள். பழைய ஃப்ரேம்வொர்க்கில் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தோம். முப்பது காம்பொனென்ட்டில் இரண்டு பேர்தான் எழுதினார்கள். நெடுமங்காட்டில் ஒரு கிளினிக் அதனால் ஐந்து நாள் மூடிக் கிடந்தது. அந்த ஐந்து நாளும் டாக்டரின் வசவைக் கேட்டவள் நான். முடியாது என்று சொல்ல ஒரு வாசல் திறந்து வைத்தால் எல்லோரும் அந்த வாசல் வழியாகவே போவார்கள். நம் ஆட்களை உங்களைவிட எனக்குத் தெரியும்.

இனி உங்கள் பிரின்டர். எஸ்எம்எஸ், பால், மடி எல்லாம் சரி. லேபிள் பிரின்டரைக் கேட்டால் இப்போது என்ன எண்ணில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். மாற்றுவதற்கு முன் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, திரும்பச் சொன்னால் அதையே போட வேண்டும். வேலை அவ்வளவுதான். நேற்று கிரிஷை எழுதச் சொன்னேன். மூன்று வரி. இருபது நிமிஷம். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். முடியாததை நான் உங்களிடம் கேட்கவில்லை. முடிந்ததை நீங்கள் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதும் கிடைத்தது. கோடைச் சேர்க்கும்போது ஒவ்வொருவரும் ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும் அல்லவா? நவம்பர் 19 அன்று நீங்கள் எழுதிய குறிப்பு: 'மேடத்தின் திருப்திக்காக ஒரு திரும்பு.' நுணலும் தன் வாயால் கெடும்.

அனூப் இதை இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் 'கவனக்குறைவு' போய் 'வேண்டுமென்றே' வரும். வேண்டுமென்றே செய்து வெளியேறுகிறவருக்கு அனுபவச் சான்றிதழ் தருவதில்லை. சான்றிதழ் இல்லாத நாற்பத்தாறு வயதுக்காரருக்கு இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி வேலை தரும் என்று நீங்களே சொல்லுங்கள். என் அறிக்கையில் நீங்கள் கவனக்குறைவானவர் மட்டும்தான். அதுவே சலுகை. 12-ஆம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும்.

சுப்ரியா


பாறசாலை,
10 ஜூன் 2025

சுப்ரியாவுக்கு,

மிரட்டல் வந்து சேர்ந்தது. கூரியர்க்காரனிடம் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன், ஆகவே கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

அந்தக் குறிப்பை எழுதியது நான்தான். மூன்று வரியில் முடியும் என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரியும். கிரிஷுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று என்றால் எனக்குப் பத்து ஆகியிருக்கும். எழுதவில்லை. உன் நான்கு கட்டளையில் ஒன்றை வெறும் ஓட்டையாக விட்டுவிட்டு, உன் பந்தல் அதைப் பார்த்து 'சபாஷ்' என்று ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. அன்று மாலை ரயிலில் வீடு வரும்வரை எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தேன். இன்னொரு நாள் எல்லோர் முன்னாலும் காட்டி உன் மூக்கை உடைக்கலாம் என்று நினைத்திருந்தேன். பிறகு கிறிஸ்துமஸ் வந்தது, ராகேலின் அம்மாவுக்கு ஆபரேஷன் வந்தது, மறந்தே போனேன். ஆறு மாசம் அந்த ஓட்டை அங்கேயே இருந்தது. நான் ஒரு கேடுகெட்ட வேலை செய்தேன். இதைவிட நல்ல வார்த்தை கிடைத்தால் நீயே போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். வக்கீல் என்ன சொல்வார் என்று நீ எழுத வேண்டாம். போணக்காடு எஸ்டேட் ரோட்டில் கேட்டுக் கேட்டுப் போனேன். சரோஜம் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் பிடிக்கிற கை இன்னும் நடுங்குகிறது. தேயிலைக் கணக்கெல்லாம் மனசிலேயே வைத்திருந்தவராம். இப்போது பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் மறந்துபோகிறது. மகன் பிபின் பொன்முடிக்கு ஜீப் ஓட்டுகிறான். என்னைப் பார்த்ததும் கம்பெனியிலிருந்து சமாதானம் பேச வந்த ஆள் என்று நினைத்தான். இல்லை, அந்த லேபிள் விஷயத்தை எழுதியவன் நான் என்று சொன்னேன்.  

“மெஷின் தெற்றா காணிச்சதா சார், இல்ல நீங்க எழுதினதுதான் தெற்றா?” என்று மட்டும் கேட்டான்.

நான் எழுதியதுதான் தவறு என்று சொன்னேன்.  எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே உன் அறிக்கையில் முதல் பாதிக்குக் கையெழுத்திடுகிறேன். கவனக்குறைவு வேண்டாம், வேண்டுமென்றே என்றே எழுது. குறிப்பையும் இணைத்துக்கொள். உன் சலுகை எனக்கு வேண்டாம். ஆனால் 'வடிவமைப்பில் குறை இல்லை' என்பதற்குக் கீழே என் பெயர் வராது. நான் பாவி, ஒப்புக்கொள்கிறேன். என்னைப் போல ஒருவன் நினைத்தால் ஒன்றுமே எழுதாமல் 'ஆயிற்று' என்று சொல்லிவிட முடிகிறது, உன் பந்தல் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறது. அது குறை இல்லையா? ஜூலை ஒன்றாம் தேதி அதை நாற்பத்தோரு ஊருக்குக் கொண்டுபோகப் போகிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெறும் 'திரும்பு' என்னுடையது ஒன்றுதானா என்று தேடிப் பார்த்தாயா? அறுபத்துச் சொச்சம் காம்பொனென்ட் இருக்கிறது. ஒரு மத்தியானத்து வேலை.

சத்தியநேசன்


கழக்கூட்டம்,
12 ஜூன் 2025

திரு. சத்தியநேசன் அவர்களுக்கு,

நோயாளி வீட்டுக்குப் போனது பெரிய தவறு. அதை அனூப்பிடம் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். உங்கள் மனபாரத்தை இறக்கி வைக்க வித்துரா வரை போனீர்கள். கை நடுங்குகிறவர் அதைத் தாங்க வேண்டுமா என்று யோசித்தீர்களா?

தேடவில்லை. தேட மாட்டேன். மற்றவர்கள் உங்களைப் போல வன்மம் வைத்துக்கொண்டு கோட் எழுதுகிறவர்கள் அல்ல.

அந்த வாக்கியத்தை எடுக்க முடியாது. எடுத்தால் என்ன ஆகும் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன், பிறகு நான் மறைத்தேன் என்று எழுதாதீர்கள். நாற்பத்தோரு ஆஸ்பத்திரியும் தள்ளிப்போகும். பந்தலின் முழுப் பொறுப்பும் ஜூலையில் எனக்கு வருகிறது, அது வராது. நான்கு வருஷம் அந்த இன்டர்ஃபேஸுக்காக உழைத்திருக்கிறேன். எங்கள் கரமனைத் தெருவில் என்னோடு வளர்ந்தவர்கள் இரண்டாவது குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது நான் நான்கு கட்டளைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆம்பிளையின் ரோஷத்துக்காக அதைக் குறை என்று எழுதித்தர என்னால் ஆகாது.

இனி கடிதம் எழுத மாட்டேன். திங்கட்கிழமை கையெழுத்து வராவிட்டால் குறிப்பு அனூப்பின் மேஜையில் இருக்கும்.

சுப்ரியா


பாறசாலை,
14 ஜூன் 2025

சுப்ரியாவுக்கு,

அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன். கையெழுத்து இருக்கிறது. 'கவனக்குறைவு' என்பதை அடித்து 'வேண்டுமென்றே' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். கடைசி வாக்கியத்தையும் அடித்திருக்கிறேன். அடித்த இரண்டு இடத்திலும் பக்கத்தில் சுருக்கொப்பம் உண்டு. ராஜினாமாவும் இதே கவரில் இருக்கிறது, அனூப்புக்கு ஆங்கிலத்தில்.

என்னை மிரட்ட இனி உன்னிடம் எதுவும் இல்லை. புதிதாக ஒரு நகல் எடுத்து அந்த வாக்கியத்தோடு கொடுக்க நினைத்தால், என் கையெழுத்தை நீயே போட வேண்டும். அதையும் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. உன்னைப் பற்றி என்னிடம் மிச்சமிருக்கிற நல்ல அபிப்பிராயம் அது ஒன்றுதான்.

ஆம்பிளை ரோஷம் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். நவம்பரில் எனக்கு இருந்தது அதுதான். பெயர் வைத்த வருஷங்களைப் பற்றி நீ எழுதியிருந்ததையும் படித்தேன். அதற்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதுவல்ல.

சத்தியநேசன்


கழக்கூட்டம்,
23 ஜூன் 2025

சத்தியநேசன் அவர்களுக்கு,

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன் என்பதாலும் நினைக்க வேண்டாம்.

17-ஆம் தேதி மத்தியானம் தேடினேன். உங்கள் கேள்விக்காக இல்லை. உங்கள் கேள்வி தப்பு என்று எழுத்தில் காட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தேன். அறுபத்து மூன்று காம்பொனென்ட். அதில் பதினேழின் 'திரும்பு' வெறுமையாக இருக்கிறது. பதினேழும் 'ஆயிற்று' என்று பதில் சொல்கின்றன. உங்களுடையது ஒன்று. நான்கு, கிரிஷ் எழுதியவை; உங்கள் பிரின்டரை இருபது நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்த அதே கிரிஷ். வன்மம் வைத்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நேரமில்லை, அல்லது முடியவில்லை, அல்லது கேட்கக் கூச்சம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். “நிங்ஙளோடு பற்றில்லான்னு எங்ஙனெ பறயும், சேச்சி?” என்றான் கிரிஷ். என்னிடம் முடியாது என்று எப்படிச் சொல்வதாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

தேதி வரிசையில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் முந்தியது மூன்று வருஷம் பழையது. புதிதாகச் சேர்கிறவர்கள் பார்த்து எழுதுவதற்காகக் கையேட்டில் வைத்த மாதிரிக் காம்பொனென்ட். 'இங்கே நிரப்பவும்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே வெற்றி. அதை எழுதியவள் நான். பிறகு நிரப்பலாம் என்று விட்டிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அன்று சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். உங்களிடம் இதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அடித்த வாக்கியத்துக்குக் கீழே, 'வடிவமைப்பில் குறை உண்டு. வடிவமைத்தவள் நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பதினேழின் பட்டியலை இணைத்தேன். உங்கள் நவம்பர்க் குறிப்பையும் இணைத்தேன். இணைத்துக்கொள் என்று நீங்களே எழுதினீர்கள்; எழுதாவிட்டாலும் இணைத்திருப்பேன். உங்களுக்குச் சான்றிதழ் வராது. எனக்குப் பந்தலும் வராது. கிரிஷை லீடாகப் போட்டிருக்கிறார்கள். ஜூலை ஒன்று ரத்து. அனூப் இப்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பந்தலைக் கிரிஷிடம் ஒப்படைப்பதற்கு முன் இன்டர்ஃபேஸை மாற்றி எழுதிக் கொடுத்தேன். 'திரும்பு' இன்னும் கட்டாயம்தான். அதில் உங்களுக்கு இணங்கவில்லை. ஆனால் 'என்னால் திரும்ப முடியாது' என்று சொல்ல இடம் உண்டு. அதை வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்னால், ஆஸ்பத்திரியில் பொறுப்பான ஒரு மனிதர் சம்மதிக்காமல் பந்தல் அதைத் தொடாது. திரும்பிவிட்டேன் என்ற வாய்ச்சொல்லையும் இனி நம்பாது. 'நிலை சொல்' என்று கேட்டு, பழையதோடு ஒத்துப்பார்த்த பிறகே விடும். நவம்பரில் நீங்கள் டீ குடிக்கப் போகாமல் உட்கார்ந்து சண்டை போட்டிருந்தால் அன்றே இந்த இடத்துக்கு வந்திருப்போம். நான் சிரிக்காமல் இருந்திருந்தாலும் வந்திருப்போம்.

சனிக்கிழமை வித்துராவுக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. சரோஜம் அன்று ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். லேப் வாசலில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, யார் என்று சொன்னேன். அந்தக் காம்பொனென்ட்டை எழுதியவர் ஒருவர் என்றாலும், அப்படி எழுத விட்ட முறையை அமைத்தது நான் என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்னார்:

“ஒரு சார் வந்நாரே. வேற ஆருக்கும் பங்கில்ல, நான் ஒருத்தன்தான்னு சொல்லிட்டுப் போனாரு.”

அங்கே என் பெயரை நீங்கள் சொல்லவில்லை. எனக்கு எழுதிய கடிதத்திலும் இதை எழுதவில்லை. எனக்கு நன்றி தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லியிருந்தால் உங்களை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குள் அவர் முறை வந்தது. ரத்தம் எடுத்த பெண் குழாயில் லேபிளை ஒட்டினாள். சரோஜம் கையை நீட்டி அந்தக் குழாயை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் தடுக்கவில்லை, இப்போதெல்லாம் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் போலிருக்கிறது. சரோஜத்துக்கு ஆங்கில எழுத்து தெரியாது. குழாயை என்னிடம் கொடுத்தார்.

“இதில ஆருக்க பேரு இருக்குன்னு ஒண்ணு வாயிச்சுச் சொல்லு, மோளே.”

வாசித்தேன். சரோஜம், ஐம்பத்தெட்டு வயது, எண் இருபத்தாறு. சீட்டோடு ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது அம்மா என்று சொன்னேன்.

அவர் தலையாட்டினார். என் கையிலிருந்து குழாயை வாங்கி, பின்னால் குடையோடு நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் நீட்டி, அவரை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

சுப்ரியா